உள்ளங்காலில் வைத்த மை

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண் இன்று தன் பிள்ளைக்கு விளக்கெண்ணெயில் மை குழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்ததுமே எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் மீதல்ல.

என் மகன் எடை குறைந்து பிறந்தபோது, காலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பினார்களே, இதயத் துடிப்பை எண்ணாகக் காட்டுவது. எண் இருநூறைத் தாண்டி இறங்காமல் நின்றால் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். நம் தேயிலை எஸ்டேட் லயத்தில் வரிசையாய் ஒட்டி நிற்கும் அத்தனை வீடும் வந்து வேடிக்கை பார்த்தது. கண்ணு பட்டுவிடுமே என்று பிள்ளையின் உள்ளங்காலில் நான்தான் அப்பி மை வைத்தேன். கருவியின் வெளிச்சம் மையைத் தாண்டாமல் கண்டபடி எண் காட்டியது. அலறிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் காலைப் பார்த்துச் சிரித்தார். நீயும்தான் சிரித்தாய். அதில் தப்பில்லை.

தப்பு அடுத்த வாரம் நடந்தது. காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை; நெற்றி வியர்த்திருந்தது. எண் இருநூற்று முப்பதில் நின்றது. நீ காலில் ஒட்டியிருந்த மிச்ச மையையும் சுத்தமாகத் துடைத்தாய். அடுத்த காலில் மாட்டினாய். அதே எண். நெஞ்சில் காதை வைத்தாய்.

"ஏட்டி, எண்ணவே முடியல. கெளம்பு."

கம்பவுண்டர் பிள்ளையைத் தொடவே இல்லை. "மெஷினெல்லாம் தப்புதான் காட்டும். மையைக் கழுவிட்டு வா" என்றார்.

"கழுவியாச்சு. ஒரு தரம் நெஞ்சுல குழாய வச்சுப் பாத்தா ஒங்க கை தேஞ்சா போயிரும்?" என்றாய் நீ.

எஸ்டேட் ஜீப் கிளம்ப அவர் சீட்டு எழுத வேண்டும். எழுதவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு எண் படிக்கத் தெரியும் என்று நம்ப அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. நீ போய் ஜீப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். அரை மணி நேரத்தில் சீட்டு வந்தது. பள்ளிவாசல் ஊர் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி ஆஸ்பத்திரி சேரும்வரை பிள்ளையின் நெஞ்சிலிருந்து நீ கையை எடுக்கவில்லை. ஊசி போட்டுத்தான் துடிப்பை இறக்கினார்கள். அந்தப் பிள்ளை இப்போது அங்கன்வாடியில் மற்றவர்களை அடித்துவிட்டு வருகிறான்.

போன மழைக்கு உனக்கு நெஞ்சு வலித்தது. அதே மனிதர், அதேபோல் தொட்டுக்கூடப் பார்க்காமல், கேஸ் மாத்திரை கொடுத்தார். சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு வந்தாயே, ஏன்?

"பிள்ளைக்குன்னா கத்தலாம். எனக்குன்னு கத்த வெக்கமா இருக்குட்டி" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாத்திரையப் போட்டுப் பாருக்கா, கேஸாத்தான் இருக்கும்." நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போனாய். கொழுந்து எடை போடும் முன்பே விழுந்துவிட்டாய்; பிறகு எழவே இல்லை.

இப்போது டிஸ்பென்சரிக்கு யார் போனாலும் கூடவே போகிறேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை. "வந்துட்டா சண்டைக்காரி" என்கிறார் கம்பவுண்டர். சொல்லிவிட்டுப் போகட்டும். உனக்காக ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாள், நான் சண்டைக்காரியாக இருந்திருக்க வேண்டும்.