உன் விரிப்பை நான் பிரித்த பத்து நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மகன் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான். காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டை இப்போது ஹோட்டலாக்கி இருக்கிறார்கள். சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு கடை. அங்கே கம்பியில் ஒரு துண்டுத்துணி விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கண்டாங்கித் துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, எட்டு முக்கோணத்தைச் சேர்த்து ஒரு நட்சத்திரம், அப்படி வரிசையாக நட்சத்திரங்கள். நடுவில் எட்டு முனையும் ஒரே புள்ளியில் கூட வேண்டும். கூடவில்லை. ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி, அச்சு அசல் நீ தைத்த மாதிரி.

"என்னம்மா இது, முனையெல்லாம் இப்படித் தப்பியிருக்கு?" என்று கடைப்பெண்ணிடம் கேட்டேன்.

"கையால தச்சதுன்னு தெரியணும்லம்மா, அதுக்காகவே அப்படி விடுறாக" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. உன் கோணலுக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யார் கண்டது? மகனைப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய மனிதன், அந்த நட்சத்திரத்தின் நடுவில் விரலை வைத்து நெருடிக்கொண்டே நின்றான். சோறு ஆறிப்போகும் என்று நான் அதட்டிய பிறகுதான் கையை எடுத்தான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் அவனை உன்னிடமிருந்து நான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

கான்வென்ட் தையல் வகுப்பில் நமக்கு ஒரே பெஞ்சு. சிஸ்டர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முக்கோணத்தில் ஒரு பக்கம் மூலைவாட்டில் வெட்டுப்படும், அந்தப் பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். தையலுக்கு விடும் கால் அங்குலத்தில் ஒரு நூல் கூடினால் போதும், முனை தையலுக்குள் போய் மழுங்கிவிடும். அதனால் ஒரு துணியின் முனையில் குண்டூசியைக் குத்தி, மறு துணியின் முனையில் எடுத்து, ஓட்டுத்தையல் போட்டு, அதற்கப்புறம்தான் நான் மெஷினில் வைப்பேன். நீ இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மிதித்துவிடுவாய்.

ஒரு நாள் சிஸ்டர் உன் நட்சத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாலு முனை எங்கோ போயிருந்தது. நீ அசரவில்லை. "படுத்துட்டா முனை எங்க சிஸ்டர் தெரியப்போகுது?" என்றாய். சிஸ்டர் சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அடுத்து என்னுடையதைத் தூக்கினார். ஏழு முனை சேர்ந்திருந்தது, எட்டாவது ஒரு மயிரிழை தள்ளி நின்றது. "இதை மட்டும் பிரிச்சுத் தச்சிரு" என்றார். நாலு தப்பியவளுக்குச் சிரிப்பு, ஒன்று தப்பியவளுக்குப் பிரிப்பு. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, உனக்குத்தான் தெரியாது.

அப்படிப்பட்டவள் உன்னை ஏன் என் கொழுந்தனுக்குச் சொன்னேன் என்று கேட்கலாம். மாமியார் பெண் தேடிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை, "காளையார்கோவில் பக்கம் எங்கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு இருக்கு, கலகலன்னு இருப்பா" என்று சொல்லிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மூன்றே மாதத்தில் நீ எனக்கு ஓரகத்தி. ஆட்கள் முன்னால் என்னை "அக்கா" என்பாய், தனியாக இருந்தால் பழையபடி "ஏ புள்ள". நான் சீராகக் கொண்டுவந்த மெஷினில், நான் சேர்த்து வைத்த துணி மூட்டையிலிருந்து எடுத்து, ஒரு வருடத்தில் மூன்று விரிப்பு முடித்தாய். மானகிரியிலிருந்து வந்த விருந்தாளி ஒருத்தி உன்னுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்தில் விரிப்பாகச் சேராமல் அடுக்கியிருந்த என் நட்சத்திரங்களைப் பார்த்து, "இதையெல்லாம் எப்படிம்மா கீழ போட்டுப் படுக்குறது?" என்றாள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையை முதன்முதலில் தாயைப் பெற்றவள் கட்டிய பழைய சேலையில்தான் கிடத்துவார்கள். என் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட அவளுடைய கண்டாங்கி ஒன்று என்னிடம் இருந்தது. வெறும் சேலையாக விரிப்பதைவிட ஒன்பது நட்சத்திரம் வைத்துத் தைத்து விரித்தால் என்ன என்று எனக்கு ஆசை. எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வெட்டினேன். தைத்தேன், பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். பழைய துணி எத்தனை முறை தாங்கும்? ஊசி போன துளையெல்லாம் அப்படியே நின்று, அதன் வழியாகவே கிழிந்தது. நைந்துபோன முக்கோணங்களைக் கழிவுக் கூடையில் போட்டேன்.

"ஏத்தா, பிள்ளை பள்ளிக்கூடம் போறதுக்குள்ளயாச்சும் முடிச்சிருவியா?" என்று மாமியார் கேட்டார்.

பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய், அவன் உன் விரிப்பில் கிடந்தான். ஒரு வாரத்தில் தைத்ததாம். நடு நட்சத்திரத்தில் அரக்கும் மஞ்சளுமாக நாலு முக்கோணம். "கூடையில கிடந்துச்சு புள்ள. நைஞ்ச ஓரத்தை உள்ள தள்ளித் தச்சுட்டேன். உங்கம்மா சேலையில பிள்ளை படுக்கணும்ல" என்றாய். நான் அழுதேன். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று மாமியார் அதட்டினார். எல்லாரும் அதை நன்றிக் கண்ணீர் என்றே நினைத்தார்கள், நீயும்தான். அது நன்றி இல்லையடி. என் தாயின் சேலையைக்கூட என் பிள்ளைக்கு நீதானே விரித்தாய் என்ற எரிச்சல்.

நீ தையல் ஓரத்தையெல்லாம் ஒரே பக்கமாக மடித்துவிடுவாய். அதனால் எட்டு முனை கூடும் இடத்தில் துணி குவிந்து ஒரு பட்டாணி அளவு முடிச்சாக நிற்கும். அவன் கை தடவிப் பழகிய நாளிலிருந்து அந்த முடிச்சுதான் அவனுக்குத் தாலாட்டு. அதை விரலால் நெருடிக்கொண்டே தூங்குவான். பேச்சு வந்ததும் அதற்குச் 'சித்தி உருண்டை' என்று பெயரும் வைத்தான். நான் என்னுடைய நட்சத்திரம் ஒன்றை மெதுவாக அவன் கைக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரத்தைப் பிரித்து இஸ்திரி போட்டதால் அது கண்ணாடி போல இருக்கும். தூக்கத்திலேயே தள்ளிவிடுவான்.

அவனுக்கு நாலு வயது நடந்த கோடை விடுமுறையில் நீ அவனை உன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாய். விரிப்பை மடித்துப் பையில் வைக்கப்போனவளை நான் தடுத்தேன். "அழுக்கா இருக்கு, துவைச்சு வைக்கிறேன், விட்டுட்டுப் போ."

"அது இல்லாம தூங்க மாட்டானே."

"பத்து நாள்தான?"

பஸ் காளையார்கோவில் போய்ச் சேர்ந்திருக்காது, நான் பிளேடை எடுத்துவிட்டேன். நடு நட்சத்திரத்தை மட்டும் சரி செய்வோம் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டேன். பிறகு பக்கத்தில் இருந்தது கண்ணை உறுத்தியது. மூன்றாம் நாள் முழு விரிப்பும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அம்மாவின் நாலு முக்கோணமும் கைக்கு வந்தபோதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் அளந்து, ஓரம் நறுக்கி, குண்டூசி குத்தித் தைத்தேன். ஒரு முனைகூடத் தப்பவில்லை. என் வாயால் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது.

நீங்கள் திரும்பி வந்த மத்தியானம் அவன் ஓடிவந்து அதில் படுத்தான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓரம் நறுக்கியதில் விரிப்பு ஒரு சாண் சுருங்கிப்போயிருந்தது. விரல் நடுவில் தேடியது. பக்கத்து நட்சத்திரத்தில் தேடியது. எழுந்து விரிப்பைப் புரட்டிப்போட்டு அடியிலும் தேடினான்.

"அம்மா, உருண்டை எங்க?"

நான் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"இது என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டு உன் மடியில் போய் விழுந்தான். பொழுது சாயும்வரை அழுதான்.

நீ விரிப்பை எடுத்துப் பார்த்தாய். நான் முந்திக்கொண்டேன். "துவைக்கயில தையல் விட்டுப்போச்சு. அதான் பிரிச்சுத் தச்சேன்." கூசாமல் வந்தது பொய். நீ அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். "ஏ புள்ள, ஒரு முனை தப்பலையே! எனக்காகவா இம்புட்டு மெனக்கெட்ட?" என்றாய். நான் தலையாட்டினேன். உடனே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாய். "அத்தை, இங்குட்டு வந்து பாருங்க, அக்கா என்ன செஞ்சிருக்காக பாத்தீகளா!"

நாலே நாளில் அவனுக்கு வேறொன்று தைத்துவிட்டாய். முனை சேரவில்லை, உருண்டை இருந்தது, தூங்கினான். நான் பிரித்துத் தைத்ததை, "அவனுக்கு வேணாம்னா எனக்குக் குடு" என்று நீ எடுத்துக்கொண்டாய். உனக்கு இரண்டு பெண்கள் பிறந்தபோதுகூட அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை, உன் கட்டிலிலேயே வைத்திருந்தாய். பிள்ளைக்கென்று நான் தொடங்கிய ஒன்பது நட்சத்திரத்தில் ஆறுதான் தேறின, அவை விரிப்பாகவே இல்லை. யோசித்துப் பார்த்தால், வாழ்நாளில் நான் தைத்து முடித்த விரிப்பு ஒன்றே ஒன்று, அதுவும் உன்னுடையது. இப்போதெல்லாம் முனை தப்பினால் நான் பிரிப்பதில்லை. மனம் பக்குவப்பட்டுவிட்டது என்று மருமகள் எல்லாரிடமும் சொல்கிறாள். கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்த விரிப்பைத் தடவிக் காட்டினாய். "இது எங்கக்கா எனக்காக ஒவ்வொரு முனையாப் பிரிச்சுத் தச்சது. கூடப் பிறந்தவகூடச் செய்ய மாட்டா." வந்தவர்கள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாய் திறந்தேன். ஒரு முறை நீ தூங்கிவிட்டாய். இன்னொரு முறை நீ விழித்துத்தான் இருந்தாய், எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

பெட்டியில் உனக்குக் கீழே அதையே விரித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் என் மகன் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். எனக்கு இப்படி அழுவானா என்று நான் நினைத்தேன். உன்னை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அந்த நினைப்புதான்.

அதனால் இப்போது சொல்கிறேன். தையல் விட்டுப்போகவில்லை. உனக்காகவும் பிரிக்கவில்லை. என் பிள்ளை உன் துணியைத் தடவிக்கொண்டு தூங்கியதை என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் பிரித்தேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பெத்தவளுக்குப் பொறாமை வராம பின்ன யாருக்கு வரும்? சரி சரி, பசிக்குது, சோத்தப் போடு." சொல்லிவிட்டுத் தட்டை இழுத்து வைத்து, இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டிருப்பாய். அன்றைக்கே சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான். சொல்லாமல் நான் ஐம்பது வருடம் தூக்கிச் சுமந்ததை நீ ஒரு வாய்ச் சோற்றோடு முழுங்கியிருப்பாய். உன்னால் அது முடியும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.