ராட்டினத்துக்குப் பாதி மரை போல்ட்

விளாத்திகுளம்,
பங்குனி 22

அன்புள்ள ஐஸ்வர்யாவின் அப்பாவுக்கு செல்வமாரி எழுதுவது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன் போட்டால் எடுப்பதில்லை. ஈரோட்டுக்கு லோடு ஏற்றிப்போன கடற்கரை அண்ணன் உங்களைச் சாயப்பட்டறை வாசலில் பார்த்ததாகச் சொல்லி விலாசம் கொடுத்தார். அதனால்தான் கடிதம்.

ஹரியைப் போய்ப் பார்த்தேன். போன வருஷம் நம் ராட்டினப் பெட்டி கழன்று விழுந்ததில் ஒடிந்த இடுப்பு ஒருவழியாகக் கூடி, இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறான். அவன் அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

ராட்டினத்தை மறுபடி எடுத்துவிட்டேன், கோபப்படாதீர்கள். விற்கலாம் என்றால் ஆள் விழுந்த ராட்டினத்தை வாங்க ஒருவரும் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. இங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைதானத்தைக் குத்தகை எடுத்திருக்கும் ஆறுமுகசாமி அண்ணாச்சி இடம் கொடுத்தார்.

கரிசலில் கட்டை அடுக்கி நிறுத்தியாயிற்று. பெட்டிகளைத் தொங்கவிடும்போதுதான் பார்த்தேன், போல்ட் எல்லாம் தேய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அலைச்சல்தான். பழைய ராட்டினம், இஞ்சு அளவு. பாரம் தாங்குகிற இடம் வழவழவென்று இருக்க வேண்டும், நுனியில் மட்டும்தான் நட்டு ஏறுகிற மரை. நடுவில் மரை ஓடினால் அங்கேதான் ஒடியும். அப்படி ஒடிந்ததைப் போலீஸ்காரர் மேசையில் வைத்துக் காட்டினாரே, நீங்களும் பார்த்தீர்கள்.

கோவில்பட்டியில் நான் ஏறாத ஹார்டுவேர் கடை இல்லை. எங்கே போனாலும் முழுக்க மரை ஓடிய போல்ட்டையே எடுத்துப் போடுகிறார்கள். ஒரு கடையில், வீட்டில் ஆம்பளை இருந்தால் வரச் சொல்லு என்றார்கள். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற இடத்தில் கிடைத்தது மில்லிமீட்டர் கணக்கு. நம் நட்டு அதில் இரண்டு சுற்று ஏறி அப்படியே இறுகிக்கொண்டது. கோவில்பட்டி அப்துல் சுபஹான் பாய் மட்டும் மாதிரியை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, மதுரையில் பழைய டிராக்டர் சாமான் வைத்திருப்பவரிடம் இருக்கும், நாலைந்து நாள் பொறுங்கள் என்றார்.

கொடை எங்கே பொறுக்கும்? வளையல் கடையும் பஞ்சுமிட்டாயும் ஜேஜே என்று ஓடுகிறது, நம் ராட்டினம் சும்மா நிற்கிறது. அண்ணாச்சி வந்து, "தலையும் ஒண்ணு, தடிமனும் ஒண்ணு. மேல ஏறி எவம் பாக்கப் போறான்? கெடைச்சத மாட்டி ஓட்டு தாயி" என்றார். நான் அலுத்துப்போயிருந்தேன். முழு மரை போல்ட்டையே வாங்கி மாட்டிவிட்டேன்.

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் சுற்றுக்கு ஐஸ்வர்யாவை உட்காரவைத்தேன். நம் வீட்டு ஆள் ஏறாமல் ஊராரை ஏற்றக்கூடாது என்பது உங்கள் அப்பா வைத்த வழக்கம். பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு சுவிட்சைப் போடக் கை வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், உனக்குக் காய்ச்சல் அடிக்குது, இறங்கு என்று.

அவள் இறங்கி வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்குக் காய்ச்சல் இல்லயேம்மா. ஹரியண்ணன் விழுந்த அன்னைக்கும் அப்பா இப்படித்தான் சொன்னாங்க, எனக்குக் காய்ச்சலே இல்ல. அப்பா ஏன் என்னைய ஏத்தல?" என்றாள்.

மாட்டியதையெல்லாம் கழற்றிப் பெட்டிகளைக் கீழே இறக்கினேன். பாய் சொன்னபடி பாதி மரை போல்ட்டைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். பிள்ளையை ஏற்றித்தான் முதல் சுற்று விட்டேன். கொடையின் கடைசி இரண்டு ராத்திரிதான் ஓடியது. லாரி வாடகைக்குச் சரியாகப் போயிற்று.

அவள் அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை. சோறு போடும்போது என் முகத்தையே பார்க்கிறாள். போல்ட் விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இந்த ஒரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹரியின் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். இனிமேல் என்னால் முடியாது.

திட்டுவதற்காக எழுதவில்லை. நானும் அந்த இடம் வரை போய்த்தான் திரும்பினேன். நான் நின்ற இடத்தில்தான் நீங்களும் நின்றிருக்கிறீர்கள், நம் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டீர்கள். எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ராட்டினத்தையும் தொட வேண்டாம். அடுத்து பசுவந்தனையில் இருப்போம், பஸ் உண்டு. வந்து, நடந்ததை ஐஸ்வர்யாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவளாகக் கண்டுபிடிப்பதற்குள் வந்துவிடுங்கள்.

அந்தத் தைரியத்தை அம்மன் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

உங்களை எதிர்பார்க்கும்,
செல்வமாரி