ஆயிரத்தோடு நின்ற புகார்கள்

மார்ச் 3, திங்கள்
எங்கள் கம்பெனி வாஷிங் மெஷின்களைப் பற்றிப் போன வருடம் வந்த புகார் ஏழு லட்சம். ஒவ்வொன்றுக்கும் பத்து வரி விவரம். அத்தனையையும் நான் செய்கிற ரிப்போர்ட்டுக்குள் இழுத்தால் என் லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. வரைபடத்தில் ஒரு நிறத்தை மாற்ற அரை மணி நேரம். அதனால் ரிப்போர்ட்டைச் செய்து முடிக்கும்வரை ‘முதல் ஆயிரம் புகார் போதும்’ என்று வரம்பு வைத்திருக்கிறேன். வெளியிடும்போது அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஐயா புத்திசாலி!

மார்ச் 6
வெளியிட்டாயிற்று.

மார்ச் 7
மூன்று மாதம் முன்பு வந்த மேலாளர் என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். “பழைய ரிப்போர்ட் திறக்கிறதுக்குள்ள டீ ஆறிடும். இது பட்டுனு திறக்குது!” பிறகுதான் எண்ணைப் பார்த்தார். “வருஷம் முழுக்க ஆயிரம் புகார்தானா? அதுவும் சரியா ஆயிரம்! இதுக்குப் பேர்தாங்க கட்டுப்பாடு.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில்தான் நினைவு வந்தது. வரம்பு — எடுத்தேனா?

எடுக்கவில்லை.

மார்ச் 10
இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பாராட்டுச் சான்றிதழாம், கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு நாள் போகட்டுமே?

மார்ச் 11
என் மனைவிக்கு அதே கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை. தொண்டை கட்டிப்போய் வந்தாள்.

“ஆயிரம் புகாருக்கு எதுக்கு நாப்பது பேர்னு உங்க மேனேஜர் கேக்கறாராம். நாலு பேர் போதுமாம். இன்னிக்கு நான் ஒருத்தியே எழுபது போன் எடுத்தேன். உங்க பக்கத்துல எந்தப் புண்ணியவானுங்க அந்த ரிப்போர்ட்டைப் போட்டது?”

“சாப்பிடலாமா?” என்றேன்.

அட மானங்கெட்டவனே! சான்றிதழை எந்தச் சுவரில்டா மாட்டப்போறே?

மார்ச் 12
மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் எதிரிலேயே வரம்பை எடுத்து வெளியிட்டேன். ஏழு லட்சம். சைபர்களை விரலால் தொட்டு எண்ணினார்.

“இந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்த முடியாதா?”

“முடியாது சார்.”

“அது எவ்வளவு வேகமா திறந்துச்சு!” என்று பெருமூச்சு விட்டார்.

வீட்டிலும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டத் தொண்டை இல்லை.

மார்ச் 17
நாற்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள். ஏழு லட்சத்துக்கு நாற்பது பேரே போதாது என்று தெரிந்துவிட்டதால், நாற்பத்தொன்றாவது ஆளாக என்னைப் போட்டிருக்கிறார்கள். சான்றிதழ் கண்ணாடிக் கடையிலேயே இருக்கட்டும்.

எனக்கு வேலை சொல்லித் தருவது மனைவி. “முதல்ல வணக்கம் சொல்லுங்க. குறுக்க பேசாதீங்க. வர்றதை எல்லாம் பதியணும், ஆயிரத்தோட நிறுத்திடாதீங்க.”

அறுபத்து மூன்று போன் எடுத்தேன். ஒன்றையும் விடவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

“எழுபதுக்கு இன்னும் ஏழு குறையுது” என்றாள்.