திரையின் மூலையில் நீ

மகளே,

இன்று மார்ச் ஒன்பது. எனக்கு வயது எழுபத்தெட்டும் நான்கு மாதமும். நேற்று எதிர்வீட்டுத் தையற்காரியுடன் போய் ஒரு தொலைக்காட்சி வாங்கினேன்.

என் பணத்துக்கு இரண்டுதான் அகப்பட்டன: மங்கலான பெரியது, துல்லியமான சிறியது. விற்பனையாளன் பெரியதற்கே கொடி பிடித்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சவுண்டைக் கேளுங்கம்மா! வீடே அதிரும்."

"வீடு அதிர வேண்டாம்ப்பா, பழைய சுவர். செய்தி போடு."

செய்தித்திரையின் மூலைக் கட்டத்தில், காது கேளாதவர்களுக்காகச் சைகையில் பேசியபடி நீ நின்றாய். பெரியதில் உன் விரல்கள் பிசைந்த களிமண்ணாகத் தெரிந்தன. சிறியதிலோ நகம்வரை தெளிவு. அதையே கட்டச் சொன்னேன்.

"பொண்ணைப் பார்க்கத்தான் டிவியாக்கும்! அப்ப அவ கூப்பிடுறப்ப ஃபோனை எடுத்தா என்னவாம்?" என்று தையற்காரி குத்தினாள்.

நான் முதுகலை படித்தவள் என்ற செருக்கில், அன்று உன் வேலையைக் கையை ஆட்டிப் பிழைக்கும் பிழைப்பு என்றேன். அதன்பின் நீ வீட்டுப்படி ஏறவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அழைக்கிறாய். நான் எடுக்காததைக் கோபம் என்று நீ எண்ணினாய், நானும் மறுக்கவில்லை. கோபக்காரி என்ற பெயர் எனக்குப் பொருந்தும். பாவம் என்று பிறர் சொல்வது பொருந்தாது.

நேற்று மாலை நீ மழை என்று காட்டியது எனக்குப் புரிந்தது. மற்றவற்றை நேரில் வந்து நீதான் கற்றுத்தர வேண்டும். இனி அழைக்காதே, வா. எனக்குக் காது கேட்காமல் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன.

அம்மா