பிரிக்காமல் ஏற்றிய புல்கட்டு

தோர்ஷாவ்ன்,
மார்ச் 11, 1934

அன்புத் தங்கை மர்யுனுக்கு,

அண்ணன் சகாரிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கைக்குழந்தைக்குச் சளி விட்டதா?

உன் பசுவுக்காகப் போன மாதம் பன்னிரண்டு கட்டுக் காய்ந்த புல் அனுப்பினேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதே சரக்கில் மிஞ்சியதை நேற்று என் கிடங்கில் பிரித்தோம். உள்ளே எலி, குட்டிகளோடு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

எலியே இல்லாத நம் தீவில் எந்தச் சரக்கையும் இறங்குபாறையிலேயே பிரித்து உதறிவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். அன்று அலை பெரிதாம். புல் நனைந்தால் என் பெயர் கெடுமே என்று, பிரிக்காமலே கயிறு கட்டி மேட்டுக்கு ஏற்றிவிடும்படி படகோட்டி தும்மஸிடம் முன்னமே சொல்லியிருந்தேன். பாறையில் நின்றவர்களிடம் அவர், "நம்ம சகாரிஸ் சரக்குதானே, இதைப் போயி உதறுவாங்களா?" என்றாராம். வேற்றூர் வியாபாரி என்றால் உதறியிருப்பார்கள்.

லுண்டிப் பறவைகள் வர இன்னும் ஒரு மாதம்தான். மண்ணில் வளை தோண்டி, ஒற்றை முட்டையிட்டு, பயமில்லாமல் உட்காருகிற ஜாதி. முட்டையையும் குஞ்சையும் தின்னும் எலியை அவை கண்டதே இல்லை. தாத்தா காலத்தில் ஒரு படகு தட்டம்மையைக் கொண்டுவந்து இறக்கியபோது நம் ஆட்களும் அப்படித்தான் இருந்தார்கள். கஞ்சி வைக்க ஆளில்லாமல் வீடு வீடாகப் படுத்தார்கள். பறவை போனால் உங்கள் குளிர்கால இறைச்சி போகும். அப்புறம் நீங்களும் இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வரவேண்டியதுதான்.

ஆகவே பசுவை வெளியே கட்டிவிட்டு, சுற்றிலும் ஆட்களையும் நாய்களையும் நிறுத்தி, புல்லைக் கொட்டகையோடு கொளுத்தச் சொல். போன வருஷம்தான் கட்டினேன் என்று மாப்பிள்ளை ஹைனி கத்துவார். கத்தட்டும். பலகையும் தகரமும் நான் அனுப்புகிறேன். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பாறையில் புரட்டிப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். தீனி இருக்காது, அடுத்த படகில் பசுவை என்னிடம் அனுப்பு. குழந்தைக்கு டின் பால் வரும்.

யார் அனுப்பிய புல் என்று ஊரில் கேட்டால் பூசி மெழுகாதே. என் பெயரைச் சொல்.

இதற்குள் பிரித்த கட்டுகளிலிருந்து ஏதாவது ஓடியதா? கண்டதைக் கண்டபடி எழுது. என் மனம் நோகுமே என்று மாற்றி எழுதாதே.

உன் பிள்ளைகள் பூனை தேவைப்படாத வீட்டிலேயே வளரட்டும்.

அன்புடன்,
சகாரிஸ்