குழாயில் வந்த நீலம்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்று காலையில் கம்பவுண்டர் வந்து, ஊசியைக் கொதிக்க வைக்க ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தார். அந்த வாசனை சுவரைத் தாண்டி நம் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அதோடு சரி, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன். வாசலுக்குப் போனேன், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். நீங்கள் கண்ணை மூடி, வருகிற ஐப்பசியோடு ஐந்து வருஷம். இன்னும் இந்த வாசனை அடித்தால், கொல்லையில் நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடமே எழுதிவிடுகிறேன்.

சிவகாசியில் லேபிள் ஆர்ட்டிஸ்ட் என்றால் அப்போது ஒரு தனி மரியாதை. நீங்கள் வரைந்த கிளியும் மயிலும் பட்டாசுக் கட்டுகளின் மேல் ஏறி எந்தெந்த ஊருக்கோ போயின. பிரஸ்ஸில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்தடி தள்ளி நின்று, மஞ்சள் ஒரு பொட்டு கூடிவிட்டது என்பீர்களாம். போய்ப் பார்த்தால் கூடித்தான் இருக்குமாம். அப்பேர்ப்பட்ட கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு வீட்டில் என்ன காரியம் செய்தீர்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நயா பைசா வந்து ஜனங்கள் முழித்துக்கொண்டிருந்த சமயம். உங்களுக்குத் தாகம் தொடங்கியது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தீர்கள். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. வெயில், வெயில் என்று ஒரு மாசம் கடத்தினீர்கள். நான்தான் பிடிவாதம் பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். சீனியை அடியோடு விட வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், வாரம் மூன்று நாள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் ஊசி என்றார். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு சிறிய ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து. குழாயில் மருந்தை விட்டு எட்டுச் சொட்டு சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைத்தால், நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் ஆபத்து. ஒத்துப் பார்க்க நிறங்கள் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். நான் மனசுக்குள் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். நீங்களோ பஸ்ஸில் அந்தத் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை அச்சடித்தவனுக்குப் பச்சையே தெரியவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவைக் கவிழ்த்தேன். ஆமத்தூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்த கருப்பட்டிச் சிப்பத்தை எடுத்து ஒளித்துக்கொண்டு, டாக்டர் சீனியைத்தானே சொன்னார், கருப்பட்டியைச் சொல்லவில்லையே என்று வக்கீல் மாதிரி வாதாடினீர்கள். அதையும் பிடுங்கித் தெருவில் கொடுத்தேன். காப்பி கசந்தது. நானும் கசப்பாகவே குடித்தேன். முதல் சோதனையை நான்தான் செய்தேன். மஞ்சள் வந்தது. அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இனி இதை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ தொட வேண்டாம் என்று மறுநாள் குழாயை வாங்கிக்கொண்டீர்கள். பொண்டாட்டி மேல் என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பச்சை வந்தது. ஒரு நாள் வெளிறிய பச்சை, ஒரு நாள் கொஞ்சம் கூடின பச்சை. சித்திரை பிறந்து பத்து நாளில் நீலம். கொல்லையிலிருந்து குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க நீலமோ வெளிறின பச்சையோ வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கரண்டி என்று சட்டம் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். என் கையாலேயே இலையில் வைத்துக் கொடுத்தேன். தெருவில் யாருக்காவது சர்க்கரை என்று கேள்விப்பட்டால் போதும், நானே போய் உட்கார்ந்து, எங்க வீட்டுல பாருங்க, சீனியை நிறுத்தினோம், வியாதி நின்னுபோச்சு என்று பெருமை பேசினேன்.

புரட்டாசியில் தீபாவளி ஆர்டர்கள் குவிந்தன. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. புதுச் செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம். மஞ்சள் பற்றுப் போட்டேன், ஆறவில்லை. மூன்று வாரம் கழித்தும் ஆறவில்லை. ஒரு காலையில் காய்ச்சலில் உங்களால் எழுந்திருக்க முடியவில்லை. அன்று சோதிக்கிற நாள். நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று முனக முனக, நான் கிண்ணத்தில் பிடித்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். என் கண் முன்னாலேயே நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் நல்ல சூளைச் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னுடையதை விட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. விளக்கை வைத்த மாடத்தில் கையை விட்டுத் துழாவினேன். தண்ணீரில் கரைக்கிற மஞ்சள் வர்ணம் ஒரு வில்லையும், பூனை மயிர் மாதிரி மெல்லிய ஒரு தூரிகையும் கிடைத்தன. சிறுநீருக்குப் பதிலாக எட்டுச் சொட்டு தண்ணீரை விட்டுக் கொதிக்க வைத்தால் நீலம். அதில் தூரிகை நுனியால் மஞ்சள் ஒரு பொட்டு தொட்டால் வெளிறின பச்சை. எப்போதும் நீலமே வந்தால் நான் சந்தேகப்படுவேன் என்று நாளுக்கு ஒரு நிறமாகக் கலந்து காட்டியிருக்கிறீர்கள். அடப்பாவி மனுஷா!

தூரிகையைக் கொண்டுவந்து உங்கள் தலைமாட்டில் போட்டேன்.

"எம்புட்டு நாளா?" என்றேன்.

"சித்திரைக்கு முன்னாலருந்தே."

"பால்கோவாவுக்காகவா?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்கும் ஆசைதான், இல்லேங்கலே. ஆனா மொத நாளு மஞ்சளு வந்தப்ப நீ ஒரு பருக்கை தொடாமக் கெடந்தே. அதப் பாக்க முடியல, புள்ள. கலரு சரிபண்றதுதான் எனக்குத் தெரிஞ்ச வேல."

அழுவதா, அடிப்பதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் கொடுத்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கரண்டியையும் நினைத்துப் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. கோபத்தை மட்டும்தான் காட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு கம்பவுண்டர் தினமும் வந்து ஊசி போட்டார். குழாய் என் கைக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வருஷம் நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. கல்யாண வீட்டில் லட்டு வைத்த இலையை அப்படியே மூடினீர்கள். பிரஸ்ஸில் முதலாளி வீட்டுப் பால்கோவா வந்தபோதும் தொடவில்லையாம், உங்களோடு வேலை செய்தவர் என்னிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அது உண்மையா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. செங்கல் நிறம் போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்து, அப்புறம்தான் ஒப்புக்கொள்வேன்.

இரண்டாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை. எட்டுச் சொட்டு விட்டேன், கொதித்தது, மாறவில்லை. துளிப் பச்சைகூட இல்லாத நீலம். நீங்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

"தண்ணியப் பிடிச்சுக் குடுத்தீகளா?" என்றேன்.

"இல்ல, புள்ள. இது நெசம்."

"உங்க வாயில நெசம் வேற வருமாக்கும்."

குழாயில் இருந்ததைக் கொல்லையில் கழுநீர் ஓடுகிற வாறுகாலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். நீங்கள் முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டி, விரல் போன காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து பிரஸ்ஸுக்குப் போனீர்கள்.

பத்து நாள் கழித்து விருதுநகருக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் அவர்களே சோதித்தார்கள். சர்க்கரை இறங்கியேவிட்டது. டாக்டர் உங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா என்று பாராட்டினார். நானும் வாயெல்லாம் பல்லாக அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம். ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தீர்கள், எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆமத்தூரில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி ஏறி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் அடுப்பு வேலை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஐப்பசியில் ஒரு மத்தியானம் பிரஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று வந்து சொன்னார்கள்.

ஒப்புக்கொண்டால் மறுபடி ஏமாற்றத் துணிந்துவிடுவீர்களோ என்று பயந்துதான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். பொய். எனக்கு ரோஷம். என்னை ஏமாற்றிய மனுஷனிடம் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் யாராவது வந்து சீனியை விட்டால் குணமாகுமா என்று கேட்கிறார்கள். விடுங்கள், தினமும் சோதியுங்கள், விரலில் சின்னக் காயம் என்றாலும் ஓடுங்கள் என்று எல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்தது நிஜம்தான். எனக்கு அன்றைக்கே பாதி தெரியும். ஒரு விரலைக் கொடுத்து, இரண்டு வருஷம் வாயைக் கட்டி நீங்கள் சம்பாதித்த நீலம் அது. அதை வாறுகாலில் கொட்டியவள் நான்.