நான் தோற்ற ஓட்டு

அன்புள்ள அப்பா,

முட்டி வலி தேவலையா? நான் நலம். ஆல்பர்ட்டாவில் குளிர்தான் விடவில்லை.

ஓட்டுரிமைப் பாடத்துக்காக, பள்ளிக்கு ஒரு விதி போடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

"வாசல்ல வண்டிய நிறுத்தி, இன்ஜின ஓடவிட்டு சூடேத்தக் கூடாது. புகையெல்லாம் எங்க மூஞ்சியில அடிக்குது. உங்க டிரக்குந்தான் டீச்சர்!" என்றாள் டெஸ்ஸா.

ஓட்டெடுப்பில் எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான்; விதி நிறைவேறிவிட்டது.

பெற்றோர் கொதித்துவிட்டார்கள். "இந்த ஊருக்குச் சோறு போடுறதே எண்ணெய்க் கிணறுதான், மார்னி. மறுபடி ஓட்டெடு, ஒழுங்கா வரட்டும்" என்றார் தலைமையாசிரியர்.

"தோத்தவளே எப்படி சார் மாத்துறது?" என்று எழுந்து வந்துவிட்டேன். நாளையும் கூப்பிட்டிருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

அம்மா பின்னிய கம்பளிக் காலுறையை அனுப்புங்கள். விதிப்படி அணைத்துவைத்த டிரக் உறைந்து கிடக்கிறது. வேலை இருக்கும்வரை நடந்துதான் போக வேண்டும்.

அவசரத்தில்,
மார்னி